கோயில் வீட்டை விட்டு நகராத ரதம்: ஒரு ஸ்லைடு ஷோ நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டு மாணவர்கள் சனிக்கிழமை காலையில் பெற்றோர் முன்னால் பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றிப் பேச வேண்டும். பள்ளி மண்டபத்தின் மைக், புரொஜெக்டர் வேலைகளைச் சில ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒத்திகைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே வகுப்பாசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நேத்து ராத்திரி வீட்டுல அவ்வளவு அழகா ஓடுச்சு. இங்க ஒண்ணுமே அசைய மாட்டேங்குது.”

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஆறு தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. அன்று மாலைக்குள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தோம். இதே சிக்கலில் மாட்டும் ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் நடந்ததை முழுக்க எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் பவர்பாயின்ட் கோப்பைப் பற்றி. மொத்தம் 14 ஸ்லைடு. நடுவில் ஜார்ஜ்டவுன் வரைபடம். பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, வழியில் மூன்று தண்ணீர்ப் பந்தல்களில் நின்று, முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலை போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு பந்தலிலும் ரதம் நிற்கும்போது ஒரு பிள்ளை பேசும், பேசி முடித்ததும் ரதம் நகரும். அப்புறம் பந்தல்களின் புகைப்படங்கள் கொண்ட ஒரு ஸ்லைடு, குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் எழுந்த 1833ஆம் ஆண்டைச் சொல்லும் ஒரு ஸ்லைடு, பிள்ளைகள் சேர்ந்து பாட ஒரு முருகன் துதி. கடைசியில் வரைபடம் அப்படியே பெரிதாகி மலையின் 513 படிகளில் போய் முடியும். டீச்சர் இதற்காகப் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

அவருடைய வீட்டு லேப்டாப்பில் இருந்தது மைக்ரோசாஃப்ட் 365. மண்டபத்தில் இருந்த கணினியில் விண்டோஸ் 10, 4 ஜிபி நினைவகம், பவர்பாயின்ட் 2013. புரொஜெக்டரின் தெளிவு 1024க்கு 768, கூரைக்குள் ஓடும் பழைய விஜிஏ கேபிள். லேப்டாப்பையே கொண்டுவந்து மாட்டினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. அதில் எச்டிஎம்ஐ இணைப்பு மட்டும்தான். மாற்றியைப் போட்டுப் பார்த்தோம், திரை வந்து வந்து போனது. பெற்றோர் முன்னால் அந்த ஆபத்து வேண்டாம் என்று, மண்டபக் கணினியிலேயே ஓடவைப்பது என முடிவு செய்தோம்.

வெற்றுக் கோப்புச் சோதனை

கூடி நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கணினி பழசு, வைரஸ், ஆபிஸை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். இந்த நேரத்தில் யாரும் கோப்பில் கை வைக்கக் கூடாது. கோளாறு கோப்பில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா என்று தெரியாமல் தொடங்கும் திருத்தம் புதிய கோளாறுகளைத்தான் உண்டாக்கும்.

நான் செய்தது இதுதான். புதிதாக ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, ஒரு வட்டம் வரைந்து, அதற்கு ‘ஃப்ளை இன்’ கொடுத்து, ஸ்லைடு ஷோவைத் தொடங்கும் எஃப்5 விசையை அழுத்தினேன். வட்டம் கீழிருந்து பறந்து வந்தது. ஒரு நிமிட வேலை. கணினிக்கு அனிமேஷன் ஓட்டத் தெரியும் என்பது உறுதியாகிவிட்டது. ஆகவே முதல் கோளாறு கோப்புக்குள் இருக்கிறது. வட்டமும் நகராமல் இருந்திருந்தால் மட்டுமே கிராஃபிக்ஸ் டிரைவர், ஆபிஸ் ரிப்பேர் என்று போயிருப்பேன்.

கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ‘ஸ்லைடு ஷோ’ பட்டியில் ‘செட் அப் ஸ்லைடு ஷோ’வைத் திறந்தேன். ‘ஷோ விதவுட் அனிமேஷன்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. இந்தத் தேர்வு கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படும், பென்டிரைவில் எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. காலையில் எழுத்துப் பிழை பார்க்க உட்கார்ந்த இன்னோர் ஆசிரியர், ஒவ்வொரு வரிக்கும் கிளிக் செய்யச் சிரமமாக இருந்ததால் அதை டிக் செய்து சேமித்திருக்கிறார். அவர் செய்தது தவறில்லை, திரும்ப எடுக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். அதே சாளரத்தில் ‘யூசிங் டைமிங்ஸ்’ தேர்வில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ‘மேனுவலி’ இருந்தால் தானாக நகர வேண்டிய ஸ்லைடுகள் நகராது.

டிக்கை எடுத்தோம். 1833 பறந்து வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் ரதம் நகரவில்லை. கோயில் வீட்டில் இருந்த ரதம் மங்கி மறைந்து, முதல் பந்தலில் தோன்றியது.

மோர்ஃப் ஏன் மங்கலாக மாறுகிறது

டீச்சர் ரதத்தை நகர்த்தப் பயன்படுத்தியது ‘மோர்ஃப்’ டிரான்சிஷன். ஒரே வரைபடம் ஐந்து ஸ்லைடில், ஒவ்வொன்றிலும் ரதம் வேறு இடத்தில். மோர்ஃப் இரண்டு ஸ்லைடையும் ஒப்பிட்டு, இடையிலுள்ள நகர்வைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மிகச் சிறந்த வசதி. ஆனால் அது ஆபிஸ் 365இல் வந்ததே 2015இன் கடைசியில்தான். 2013 பதிப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தெரியாத ஒன்றைக் கண்டால் பிழை காட்டாமல் ஏன் மங்கலாக ஓடுகிறது? பவர்பாயின்ட் சேமிக்கும் பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். மோர்ஃப் போட்ட ஸ்லைடில் பவர்பாயின்ட் இரண்டு குறிப்புகளை எழுதி வைக்கிறது. மோர்ஃப் புரிந்தால் இதை ஓட்டு, புரியாவிட்டால் மங்கி மாறும் ‘ஃபேட்’ ஓட்டு. 2013 இரண்டாவதை எடுத்துக்கொண்டது. கோப்பு கெடவில்லை, கணினியும் கெடவில்லை. எழுதி வைத்தபடிதான் நடந்திருக்கிறது. கைதவறி இந்தக் கணினியிலேயே மாற்றிச் சேமித்து மோர்ஃபை இழந்துவிடக் கூடாது என்றுதான் நகல் முக்கியம்.

2016 பதிப்பு இருப்பவர்களுக்கு ஒரு சொல். அப்டேட் செய்யப்பட்ட 2016, மோர்ஃபை ஓட்டிக் காட்டும், ஆனால் அதில் புதிதாக உருவாக்க முடியாது. 2019இலிருந்து உருவாக்கவும் முடியும். சரியான பதிப்பிலும் மோர்ஃப் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டாவது ஸ்லைடில் படத்தைப் புதிதாகச் செருகியிருப்பார்கள். அது அதே ரதம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஸ்லைடையே நகலெடுத்து அதில் உள்ள ரதத்தை நகர்த்துவதுதான் சரியான வழி. இல்லையென்றால் ஆல்ட்+எஃப்10 அழுத்தினால் வரும் பொருள்களின் பட்டியலில், இரண்டு ஸ்லைடிலும் அந்தப் பொருளுக்கு ஒரே பெயரை, முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி வைத்துக் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளும்.

எங்களுக்கு அந்த வழிகள் இல்லை. வீட்டு லேப்டாப்பில் எல்லாவற்றையும் வீடியோவாக மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் பிள்ளை பேசி முடிக்கும்வரை ரதம் காத்திருக்க வேண்டும், ஒரு பிள்ளை நாற்பது நொடி பேசும், இன்னொன்று ஒரு நிமிடம் பேசும். பிள்ளையை வீடியோவுக்காக அவசரப்படுத்த எனக்கு மனமில்லை. அதனால் கடைசியில் மலை பெரிதாகும் காட்சியை மட்டும் 720 தெளிவில் எம்பி4 ஆக எடுத்து, தானாகத் தொடங்கும்படி வைத்தோம். ரதப் பயணத்தை ஒரே ஸ்லைடில், நாம் வரையும் பாதையில் பொருளை நகர்த்தும் ‘மோஷன் பாத்’ கொண்டு மறுபடி கட்டினோம். மோஷன் பாத் பவர்பாயின்ட் 2002இலேயே வந்துவிட்டது, எந்த மண்டபத்துக் கணினியிலும் ஓடும்.

ரதம் திரும்பக் கோயில் வீட்டுக்கே ஓடியது

இந்தப் பகுதிதான் அதிக நேரம் எடுத்தது.

முதலில் ‘கஸ்டம் பாத்’தில் ‘ஸ்கிரிபிள்’ எடுத்து, சாலையின் மேலேயே மவுஸை இழுத்து வரைந்தேன். ஓட்டினால் ரதம் நடுங்கியது. கையால் இழுக்கும் கோட்டில் கணக்கற்ற சிறு புள்ளிகள் விழுகின்றன, கையின் ஒவ்வொரு அதிர்வும் பாதையில் பதிந்துவிடுகிறது. அதை அழித்துவிட்டு ‘கர்வ்’ எடுத்தேன். சாலை திரும்பும் இடங்களில் மட்டும் ஒரு கிளிக், முடியும் இடத்தில் இரட்டைக் கிளிக். இப்போது ரதம் வழுக்கிக்கொண்டு போனது.

முதல் பந்தல்வரை எல்லாம் சரி. இரண்டாவது பயணத்துக்குக் கிளிக் செய்ததும் ரதம் கண்ணிமைக்கும் நேரத்தில் கோயில் வீட்டுக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி கிளம்பியது. இது மிகப் பொதுவான குழப்பம், மென்பொருள் கோளாறு என்று பலர் நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு பொருளுக்கு இரண்டாவது பாதையைச் சேர்த்தால், அந்தப் பாதை பொருள் முதலில் வைக்கப்பட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். முதல் பாதை அதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இரண்டாவது பாதை கணக்கில் எடுப்பதில்லை. எனவே இரண்டாவது பாதையின் பச்சை முனையை, முதல் பாதையின் சிவப்பு முனைமேல் நாமே இழுத்துக்கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். 2013இல் முடியும் இடத்தில் பொருளின் மங்கலான நிழல் தெரியும், அதை வைத்துப் பொருத்துவது எளிது. இன்னொன்று, இரண்டாவது பாதையை ‘ஆட் அனிமேஷன்’ வழியாகத்தான் சேர்க்க வேண்டும். பட்டியலில் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் முதல் பாதை அழிந்து புதியது அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

வரைபடத்தையும் சாலைப் பெயர்களையும் ஒன்றாக குரூப் செய்யும்போது ஓர் எச்சரிக்கை: முதலில் குரூப், அப்புறம் அனிமேஷன். ஏற்கெனவே அனிமேஷன் கொடுத்த பொருள்களை குரூப் செய்தாலோ பிரித்தாலோ அவற்றின் அனிமேஷன் போய்விடும்.

நான்கு பயணமும் சரியாக ஓடின. ரிமோட்டை மாணவியின் கையில் கொடுத்தோம். ரதம் கோயில் வீட்டிலிருந்து ஒரே தாவலில் பந்தலுக்குப் போய் நின்றது, நடுவில் பயணமே இல்லை. நான் அழுத்தினால் அழகாக நகர்கிறது, அவள் அழுத்தினால் தாவுகிறது.

அவள் பக்கத்தில் நின்று விரலைக் கவனித்தேன். ஒரு தடவை அழுத்துகிறாள், திரையைப் பார்க்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அழுத்துகிறாள். அனிமேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி அழுத்தினால், பவர்பாயின்ட் அதை அப்படியே முடிவுக்குக் கொண்டுபோய்விடும். அவள் ஏன் இரண்டாவது தடவை அழுத்தினாள்? மோஷன் பாத்துக்கு மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் அமைப்பு இயல்பாகவே இருக்கும். பயண நேரத்தை நான் எட்டு நொடியாக நீட்டியிருந்தேன். அதனால் அழுத்தி ஒரு நொடிக்கு மேலாகியும் ரதம் அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை. பிழை பிள்ளையிடம் இல்லை. அழுத்தியதற்குத் திரை பதில் சொல்லவில்லை, அதுதான் பிழை.

‘எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ஸ்மூத் ஸ்டார்ட்’டைச் சுழியம் ஆக்கினேன். கூடவே ரதத்தின் பாதத்தில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு வைத்து, அது ‘ஆன் கிளிக்’ என்று உடனே தோன்றும்படியும், பாதை ‘வித் பிரீவியஸ்’ என்று அதோடு சேர்ந்து தொடங்கும்படியும் மாற்றினேன். விளக்கு எரிந்தால் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது என்று மாணவிக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட இரண்டுமுறை அழுத்தவில்லை.

இதற்கிடையில் ஒரு பெற்றோர், டிரான்சிஷன் பட்டியில் ‘ஆன் மவுஸ் கிளிக்’கை எடுத்துவிட்டால் தவறான அழுத்தல் நின்றுவிடும் என்றார். நல்ல எண்ணம்தான், ஆனால் உதவாது. அது மவுஸைத்தான் தடுக்கும். ரிமோட் கணினிக்கு அனுப்புவது விசைப்பலகையின் பேஜ் டவுன்.

புகைப்படங்கள்

பந்தல் படங்கள் பத்து. ஒவ்வொன்றும் மங்கலிலிருந்து தெளிந்து வர வேண்டும். வந்தன, ஆனால் விக்கி விக்கி. காரணத்தைக் கணக்கே காட்டிவிடும். கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். நினைவகத்தில் விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு நான்கு பைட், ஆக ஒரு படத்துக்கு 48 எம்பி. பத்துப் படத்துக்கு 480 எம்பி. புரொஜெக்டர் காட்டக்கூடியதோ மொத்தமே 8 லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள். போதாததற்கு ஒவ்வொரு படத்துக்கும் மென்விளிம்பும் நிழலும். அவற்றோடு படம் தெளிந்து வரும்போது பழைய கணினிக்கு வேலை இன்னும் கூடுகிறது.

ஒரு படத்தைத் தேர்ந்து ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ போனோம். ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு, 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) தேர்ந்து, வெட்டிய பகுதிகளை நீக்கவும் சொன்னோம். மென்விளிம்பை எடுத்துவிட்டு மெல்லிய வெள்ளைச் சட்டம் போட்டோம். டீச்சருக்கு மென்விளிம்பை விட மனமில்லை, ஆனால் விக்கல் நின்றதைப் பார்த்ததும் சம்மதித்தார்.

அதற்குப் பிறகும் அந்த ஸ்லைடு தொடங்கும்போது திரை ஒரு கணம் கறுத்தது. இது கணினியின் பக்கத்துக் கோளாறு. ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’, ‘டிஸ்ப்ளே’ பகுதியில் ஸ்லைடு ஷோவுக்கான ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் முடுக்கத்தை முடக்கும் டிக் இருக்கிறது. அதைப் போட்டதும் கறுப்பு நின்றது. இந்தத் தேர்வு கோப்போடு போகாது, அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். இதில் வரிசை முக்கியம். முடுக்கத்தை முடக்கினால் வரையும் வேலை முழுக்கச் சிபியு தலையில் விழும், பெரிய படங்களை அப்படியே வைத்துக்கொண்டு இதைச் செய்திருந்தால் விக்கல் இன்னும் மோசமாகியிருக்கும்.

கொம்பு முதலில் வந்த துதி

முருகன் துதியை டீச்சர் பல ஆண்டுகளுக்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்க் குறிகளை வைக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். மண்டபக் கணினியில் பாமினி இல்லை, அதனால் துதி ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. இது தெரிந்த கதைதான். தெரியாதது இன்னொன்று. அந்த வரிகளுக்கு அவர் எழுத்து எழுத்தாகத் தோன்றும் அனிமேஷன் கொடுத்திருந்தார். வீட்டுக் கணினியிலும் அது ஏதோ உறுத்தியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றார்.

பாமினியில் ‘கொ’ என்பது ஓர் எழுத்தல்ல. ஒற்றைக் கொம்பு, க, கால் என மூன்று தனிக் குறிகள். எழுத்து எழுத்தாக வரச் சொன்னால் முதலில் கொம்பு தனியாக நிற்கும், அப்புறம் ‘க’ வந்து ‘கெ’ ஆகும், கடைசியில் கால் வந்து ‘கொ’ ஆகும். பிள்ளைகள் திரையைப் பார்த்துப் படிக்கும்போது ‘கொடி’ என்ற சொல் கண்முன்னே ‘கெ’ என்று தொடங்குகிறது. தமிழ் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அது நடக்கக் கூடாது.

எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிந்து வைக்கும் வசதி உண்டு, அதைச் செய்தால் ஆங்கிலக் குவியல் மறைந்திருக்கும், கொம்புப் பிரச்சினை அப்படியே இருந்திருக்கும். அதனால் துதியை யூனிகோடுக்கு மாற்றினோம். விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ எழுத்துருவைப் போட்டோம். அனிமேஷனைச் சொல் சொல்லாக வரும்படி வைத்தோம். பாடும் வேகத்துக்கும் அதுதான் பொருந்தியது. பழைய பாமினிக் கோப்புகள் வைத்திருக்கும் ஆசிரியர்களை நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன், ஓய்வு நேரத்தில் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். அந்த உழைப்பு அடுத்து வரும் ஆசிரியருக்கும் பயன்படட்டும்.

மாலை ஆறரைக்கு, மண்டபக் கணினியில், அதே ரிமோட்டில், அதே மாணவியின் கையால், முதல் ஸ்லைடிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை ஓட்டினோம். நடுவிலிருந்து ஓட்டிப் பார்ப்பது போதாது. எந்த அழுத்தலில் எது வருகிறது என்பது தொடக்கத்திலிருந்து போனால்தான் தெரியும்.

சனிக்கிழமை எல்லாம் ஓடியது. மூன்றாவது பந்தலில் பேசிய பையன் நடுவில் ஒரு வரியை மறந்து நின்றுவிட்டான். ரதமும் அவனுக்காக நின்றது. அவனுக்கு வரி நினைவுக்கு வந்து, பேசி முடித்த பிறகுதான் விளக்கு எரிந்தது.

நிகழ்ச்சி முடிந்து தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒரு தாத்தா என்னிடம் வந்தார். “ரதம் சாலையில் திரும்புது, ஆனா மாடுங்க முகம் திரும்பலையே தம்பி” என்றார். உண்மைதான். மோஷன் பாத் பொருளை நகர்த்தும், பாதை வளையும்போது அதைத் தானாகத் திருப்பாது. திருப்பத்தில் ‘ஸ்பின்’ ஒன்றை ‘வித் பிரீவியஸ்’ ஆகச் சேர்த்து, டிலேயைத் திருப்பம் வரும் நொடிக்குப் பொருத்த வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் அப்படிச் செய்தால் ரதம் சாய்ந்துவிடும், மேலிருந்து பார்க்கும் படம் வேண்டும். டீச்சர் அப்படி ஒன்றை வரைந்து தரச் சொல்லி ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்.